எக்ஸ்கவேட்டர்: தோண்டும்போது மட்டுமல்ல, திரும்பும்போதும் கவனம்

எக்ஸ்கவேட்டர் என்றதும் கண்ணில் படுவது பக்கெட்டும் அதன் பற்களும்தான். வேலையிடத்துக்குப் புதிதாக வருகிறவர்களும் பக்கெட்டைப் பார்த்துத்தான் ஒதுங்குகிறார்கள். ஆனால் ஆளை அடிப்பது பல நேரங்களில் இயந்திரத்தின் முதுகு. லாரியில் மண்ணைக் கொட்டுவதற்காக பக்கெட் ஒரு பக்கம் திரும்பும் அதே நொடியில், பின்னால் எடைச் சமநிலைக்காக வைத்திருக்கும் கனமான கவுண்டர்வெயிட் எதிர்ப்பக்கமாகச் சுற்றி வருகிறது. அங்கே சுவரோ கன்டெய்னரோ தடுப்புத் தகடோ இருந்து, இடையில் ஒருவர் மாட்டிக்கொண்டால் ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. என்ஜின் சத்தத்தில் அலறலும் கேட்காது.

ஓட்டுநராகப் பயிற்சிக்குப் போக நினைப்பவர்களுக்கும், இயந்திரத்தின் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவர்களுக்கும் இது பயன்படும். படித்துவிட்டு யாரும் சீட்டில் ஏறி உட்கார முடியாது. அதற்குத் தனிப் பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். ஆனால் அந்த இயந்திரம் எதைச் செய்யும், எதைப் பார்க்காது என்பதை அதைச் சுற்றி நடமாடும் எல்லாருமே தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உடலும் கைகளும்

சிங்கப்பூர்த் தளங்களில் அடிக்கடி காண்பது 20 டன் வகை. கொமாட்சு பிசி200, கோபெல்கோ எஸ்கே200, ஹிட்டாச்சி இசட்எக்ஸ்200 எல்லாம் இந்த வகைதான். பக்கெட் ஏறத்தாழ 0.8 கன மீட்டர் கொள்ளும். கையை முழுதாக நீட்டினால் சுமார் 10 மீட்டர் தூரம் எட்டும். கீழே ஆறரை மீட்டர் வரை தோண்டும். ஈர மண் ஒரு கன மீட்டர் 1.6 முதல் 2 டன் வரை இருக்கும். அப்படியென்றால் நிறைந்த பக்கெட்டில் ஒன்றரை டன் அளவுக்கு மண் தொங்குகிறது.

கீழே சங்கிலிப் பட்டை போன்ற டிராக், மேலே சுழலும் உடல், இரண்டுக்கும் நடுவே பல் வைத்த பெரிய வளையம். இந்த வளையம் இருப்பதால்தான் மேல் உடல் எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றுகிறது. மேல் உடலில் இடப்பக்கம் கேபின், பின்னால் என்ஜினும் கவுண்டர்வெயிட்டும், முன்னால் பூம் என்ற பெரிய கை, அதன் நுனியில் ஆர்ம் என்ற சின்னக் கை, அதன் நுனியில் பக்கெட்.

கைக்கு இரண்டு லிவர். அவற்றை அமைப்பதில் ஐஎஸ்ஓ, எஸ்ஏஇ என்று இரண்டு முறைகள். ஐஎஸ்ஓ முறையில் இடக்கை லிவரை இடது வலதாக அசைத்தால் உடல் சுழலும். முன்னே தள்ளினால் ஆர்ம் வெளியே நீளும், பின்னே இழுத்தால் உள்ளே வரும். வலக்கை லிவரை முன்னே தள்ளினால் பூம் இறங்கும், இழுத்தால் ஏறும். இடப்பக்கம் சாய்த்தால் பக்கெட் சுருளும், வலப்பக்கம் சாய்த்தால் கொட்டும். எஸ்ஏஇ முறையில் பூம் இடக்கைக்கும் ஆர்ம் வலக்கைக்கும் மாறிவிடும். சில இயந்திரங்களில் ஒரு வால்வைத் திருப்பி முறையை மாற்றிக்கொள்ளலாம். நேற்று வேறொருவர் மாற்றி வைத்திருக்க, இன்று காலை நீங்கள் பூமைத் தூக்குவதாக நினைத்து இழுத்தால் ஆர்ம் உள்ளே வரும். அதனால் எந்த இயந்திரத்தில் ஏறினாலும், பழகியதே ஆனாலும், திறந்த இடத்தில் ஒவ்வொரு அசைவையும் மெதுவாக ஒரு முறை செய்து பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போக வேண்டும்.

நகர்த்துவதில் இன்னொரு குழப்பம் உண்டு. டிராக்கை இழுக்கும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட் வழக்கமாகக் கேபினுக்குப் பின்புறம் இருக்கும். அப்போது பெடலை முன்னே தள்ளினால் இயந்திரம் முன்னே போகும். மேல் உடலை 180 பாகை திருப்பிவிட்டு, அதை மறந்து அதே பெடலைத் தள்ளினால் இயந்திரம் உங்கள் முதுகுப் பக்கம் போகும். குழி ஓரத்தில் நிற்கும்போது இந்த மறதி குழிக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். நகர்த்துவதற்கு முன் ஸ்ப்ராக்கெட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பது அனுபவசாலிகளும் விடாத பழக்கம்.

சீட்டின் இடப்பக்கம் ஒரு பாதுகாப்பு லிவர் இருக்கும். அதைப் பூட்டு நிலைக்குக் கொண்டுபோனால் கைலிவர்களை எவ்வளவு அசைத்தாலும் ஹைட்ராலிக் வேலை செய்யாது. பேசுவதற்காகக் கதவைத் திறந்து வெளியே சாய்ந்தாலும், தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினாலும் முதலில் அதைப் பூட்ட வேண்டும். சட்டைக் கை லிவரில் மாட்டி உடல் சட்டெனச் சுழன்று ஆள் அடிபடுவது இந்தத் தொழிலில் பழைய விபத்து. பூட்டுவதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

வட்டத்துக்குள் யார்?

20 டன் வகையில் சுழல் மையத்திலிருந்து பின்புறம் சுமார் 2.75 மீட்டர் நீளும். டிராக்கின் மொத்த அகலம் ஏறத்தாழ 2.8 மீட்டர், அதாவது மையத்திலிருந்து ஓரம் வரை 1.4 மீட்டர். உடல் பக்கவாட்டில் திரும்பி நிற்கும்போது கவுண்டர்வெயிட் டிராக் ஓரத்தைத் தாண்டி 1.35 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்று இதிலிருந்து தெரிகிறது. டிராக்கிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறவர் தான் பத்திரமான இடத்தில் இருப்பதாகத்தான் நினைப்பார்.

பின்புறத்துக்கும் சுவர் போன்ற அசையாத பொருளுக்கும் இடையே குறைந்தது 600 மிமீ இடைவெளி வேண்டும் என்பது நடைமுறை. ஆள் நசுங்காமல் நழுவ அவ்வளவாவது தேவை. மேலே உள்ள அளவுகளை வைத்துக் கூட்டினால், டிராக் ஓரத்திலிருந்து சுவர் வரை ஏறத்தாழ 2 மீட்டர் வருகிறது. அவ்வளவு இடம் இல்லையென்றால் ஆள் நுழைய முடியாதபடி அந்த இடுக்கை இரண்டு முனையிலும் பாரிகேட் போட்டு அடைத்துவிட வேண்டும். எச்சரிக்கை நாடா மட்டும் கட்டினால் போதாது; டாய்லெட் அந்தப் பக்கம் இருந்தால் நாடாவைத் தூக்கிவிட்டு ஆள் போவார்.

நாடு மாறினாலும் குருட்டுப் புள்ளிகள் மாறுவதில்லை. பின்புறத்தையும் பின்வலப்பக்கத்தையும் என்ஜின் மறைக்கிறது. வலது முன்பக்கத்தை பூம் மறைக்கிறது, அதுவும் பூமைத் தாழ்த்தி வேலை செய்யும்போது அதிகமாக. கேபின் இடப்பக்கம் இருப்பதால் ஓட்டுநருக்கு இடப்புறம் நன்றாகத் தெரியும். முடிந்தவரை லாரியை இடப்பக்கம் நிறுத்தி, இடப்பக்கமாகவே சுழன்று கொட்டச் சொல்வதற்குக் காரணம் இதுதான். லாரி ஓட்டுநர் தலைக்கு மேல் பக்கெட் போகக் கூடாது. லாரியின் பின்பக்கமாகவோ பக்கவாட்டிலோதான் மண் வர வேண்டும்.

கண்ணாடியும் பின் கேமராவும் உதவும், ஆனால் சேறு பட்ட கேமரா எதையும் காட்டாது. 2024 ஜூன் 1 முதல் 50 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அல்லது அதற்கு மேற்பட்ட ஒப்பந்தத் தளங்களில் காணொளிக் கண்காணிப்புக் கருவி கட்டாயம். நல்ல ஏற்பாடுதான். என்றாலும் கம்பத்தில் இருக்கும் கேமரா நடந்ததைப் பதிவு செய்யுமே தவிர, சுழலும் 4 டன் எடையை நிறுத்தாது. அந்த வேலையைச் செய்பவர், தரையில் நின்று ஓட்டுநருக்குச் சைகை காட்டும் பேங்க்ஸ்மேன்.

பேங்க்ஸ்மேனுக்கு அந்த நேரத்தில் வேறு வேலை கொடுக்கக் கூடாது. ஸ்டீல் கட்டிக்கொண்டே இதையும் பார்த்துக்கொள் என்றால் இரண்டும் உருப்படாது. அவர் நிற்க வேண்டிய இடம் ஓட்டுநரின் பார்வைக்குள், பக்கெட் எட்டும் தூரத்துக்கு வெளியே. அவர் ஓட்டுநரின் கண்ணிலிருந்து மறைந்த கணமே ஓட்டுநர் கையை எடுத்துவிட வேண்டும், "அங்கேதான் இருப்பார்" என்று ஊகிக்கக் கூடாது. நம் தளங்களில் ஓட்டுநர் தமிழர், பேங்க்ஸ்மேன் பங்களாதேஷி, சூப்பர்வைசர் சீனர் என்று அமைவது சாதாரணம். வாக்கிடாக்கியில் மூன்று மொழி கலந்த கத்தல் வருவதைவிடக் வேலைக்கு முன் நடக்கும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கிலேயே நாலைந்து கைச் சைகைகளைப் பேசி முடிவு செய்துகொள்வது மேல். நிறுத்து என்ற சைகை யார் காட்டினாலும், புதிதாகச் சேர்ந்தவர் காட்டினாலும், நிறுத்த வேண்டும். தப்பாகக் காட்டினாரா என்பதை நின்ற பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

இயந்திரத்தின் அருகே போக வேண்டியிருந்தால் முறை இது: ஓட்டுநருக்குத் தெரியும் பக்கத்தில் தூரத்திலேயே நின்று கையை உயர்த்துங்கள். அவர் உங்களைப் பார்த்தார் என்பது போதாது. பக்கெட் தரையில் இறங்க வேண்டும், பாதுகாப்பு லிவர் பூட்டப்பட வேண்டும், பிறகு அவரே கைகாட்டி அழைக்க வேண்டும். திரும்பும்போதும் அவர் கண்ணில் பட்டபடியே வெளியே வாருங்கள். "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று பின்னாலிருந்து கூப்பிட்டுக்கொண்டே கேபினை நோக்கி ஓடுவது மிக மோசமான பழக்கம்.

காலடியில் என்ன மண்?

சிங்கப்பூரின் மண் ஒரே மாதிரி கிடையாது. புக்கிட் தீமா பக்கம் கிரானைட்டும் அது மக்கிய மண்ணும். மேற்கே ஜூரோங் பக்கம் படிவுப் பாறை. கிழக்கே பழைய வண்டல். தெற்கிலும் ஆற்று முகங்களிலும் கடல் களிமண், அதற்கு மேல் கடலைத் தூர்த்துப் போட்ட நிலம். கடல் களிமண் சாம்பல் நிறத்தில், பிசுபிசுப்பாக, பார்க்கக் கெட்டியாகத் தோன்றும். பளு ஏறினால் மெதுவாகப் பிதுங்கும். 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலை அருகே வட்டப் பாதை ரயில் சுரங்கத்துக்காகத் தோண்டிய பள்ளம் இடிந்து 4 பேர் உயிரிழந்தது இப்படிப்பட்ட மண்ணில்தான். ஆழ்பள்ளங்களுக்கான விதிகள் அதற்குப் பிறகு வெகுவாக இறுகின.

சிறிய பள்ளம்தானே என்று எண்ண வேண்டாம். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான தோண்டும் வேலைக்கு பெர்மிட் வேண்டும். சூப்பர்வைசர் விண்ணப்பிப்பார், பாதுகாப்பை மதிப்பிடும் அசெசர் இடத்தை நேரில் பார்ப்பார், புராஜெக்ட் மேனேஜர் அனுமதி தருவார். அதே ஆழத்துக்கு மேல் பக்கச்சுவர் சரிய வாய்ப்பிருந்தால் தாங்கு பலகைகளும் குறுக்குத் தாங்கிகளும் போட வேண்டும். 4 மீட்டரைத் தாண்டினால் அந்தத் தாங்கல் அமைப்பை நிபுணத்துவப் பொறியாளர் வடிவமைக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் ஒரு மனிதரின் கழுத்தளவுதான். குனிந்து குழாய் இணைக்கும்போது தலையே அதற்குக் கீழே போய்விடும். ஒரு கன மீட்டர் மண் விழுந்தால் முதுகில் இறங்குவது 1.8 டன்.

எக்ஸ்கவேட்டர் ஓட்டுநர் இதில் செய்யக்கூடிய தவறுகள் சில உண்டு. தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிப்பது அவற்றில் முதலாவது. குவியலின் அடி விளிம்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும், ஆழம் கூடக் கூட இன்னும் தள்ள வேண்டும். இரண்டாவது, தன் டிராக்குக்குக் கீழேயே குடைவது. கையை உள்ளிழுத்துக் கடைசி ஒரு பக்கெட் எடுக்கும் ஆசையில்தான் இது நடக்கும். மேலே நிலம் அப்படியே இருக்கும், கீழே வெற்றிடம். மூன்றாவது, டிராக்கைப் பள்ளத்துக்கு இணையாக நிறுத்துவது. விளிம்பு உடைந்தால் ஒரு டிராக் முழுதாக இறங்கி இயந்திரம் பக்கவாட்டில் கவிழும். டிராக்கைப் பள்ளத்துக்குச் செங்குத்தாகவும் ஸ்ப்ராக்கெட்டைப் பின்புறமாகவும் வைத்திருந்தால், விரிசல் தெரிந்த உடனே நேராகப் பின்வாங்கலாம். குழாய்ப் பள்ளம் போல நீளமாகத் தோண்டும்போது பள்ளத்தின் கோட்டிலேயே நின்று பின்னால் நகர்ந்துகொண்டே போவதும் இதற்காகத்தான்.

20 டன் இயந்திரம் சும்மா நிற்கும்போது டிராக்கின் கீழ் அழுத்தம் குறைவு. அட்டவணையில் சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோவுக்கும் கீழே போட்டிருப்பார்கள். இந்த எண்ணை நம்பி ஏமாறக் கூடாது. கையை நீட்டிக் கனமான பக்கெட்டைத் தூக்கும்போது எடை முழுதும் டிராக்கின் முன் நுனிக்குப் போகிறது, அங்கே அழுத்தம் பல மடங்கு. மென்மண்ணில் ஸ்டீல் பிளேட் அல்லது மரப் பாய் விரிப்பது இதற்காக.

மழை பெய்தால் கணக்கு மாறும். அரை மணி நேரக் கொட்டலில் விளிம்பில் தண்ணீர் தேங்கி, விரிசல் வழியாக இறங்கி, சுவரைப் பின்னாலிருந்து தள்ளும். மழை நின்றதும் ஆட்களை இறக்காமல், தகுதியானவர் ஒருவர் சுவரையும் தாங்கிகளையும் பார்த்த பிறகே இறக்க வேண்டும். விளிம்புக்கு இணையாக மயிரிழை போல் ஒரு கோடு ஓடினால் அது சரிவின் முன்னறிவிப்பு. பள்ளத்துத் தண்ணீரை நேராகக் கால்வாயில் பம்ப் செய்யவும் கூடாது. வெளியேறும் நீரில் மிதக்கும் மண் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுப் பயனீட்டுக் கழகத்தின் வரம்பு. தேங்கவிட்டாலோ கொசு வந்து தேசியச் சுற்றுப்புற வாரியம் வரும். ஆகவே பம்பும் மண் வடிகட்டும் தொட்டியும் தோண்டுவதற்கு முன்பே தளத்தில் இருக்க வேண்டிய சாமான்கள்.

யாராவது மண்ணில் புதைந்துவிட்டால் பக்கெட்டால் தோண்டி எடுக்கப் பார்க்காதீர்கள். பல் எங்கே படுகிறது என்று மேலிருந்து தெரியாது. இயந்திரத்தின் அதிர்வும் மிச்சச் சுவரைச் சரிக்கும். 995 (தீயணைப்பு, ஆம்புலன்ஸ் எண்), என்ஜின் ஆஃப், மற்றவர்களைப் பள்ளத்திலிருந்து மேலே ஏற்றுவது. இந்த வரிசைதான். 2025 ஜூலை 26 அன்று தஞ்சோங் காத்தோங் சாலை தெற்கில் சாலை உள்வாங்கி ஒரு கார் குழியில் விழுந்தபோது, பக்கத்துத் தளத்தில் வேலை செய்த ஊழியர்கள் கீழே குதிக்காமல் கயிறு போட்டு ஓட்டுநரை மேலே இழுத்தார்கள். சரிந்துகொண்டிருக்கும் மண்ணுக்குள் இன்னொரு ஆளை இறக்காமல் காப்பாற்றுவதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

மண்ணுக்குள் மின்சாரம்

ஊரில் மின்கம்பி தலைக்கு மேலே போகும். சிங்கப்பூரில் அநேகமாக எல்லாமே மண்ணுக்குள்: 230 வோல்ட் வீட்டு மின்சாரம் முதல் 22, 66, 230, 400 கிலோவோல்ட் கேபிள்கள் வரை. கூடவே கேஸ் குழாய், குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், தொலைத்தொடர்புக் கேபிள். நடைபாதையில் ஒரு பக்கெட் தவறாக இறங்கினால் ஒரு வட்டாரமே இருளும். உயர் அழுத்த மின்கேபிளைச் சேதப்படுத்தினால் 10 லட்சம் வெள்ளி வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ரயில் பாதைக் கட்டமைப்பின் விளிம்பிலிருந்து 40 மீட்டருக்குள் என்றால் அது ரயில் பாதுகாப்பு வட்டாரம். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தனியாக வேண்டும்.

முதல் படி வரைபடம். அதை வாங்கி வைத்தாலே வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். வரைபடத்தில் உள்ள கோடு கேபிள் போட்ட அன்றைய நிலையைக் காட்டுகிறது. அதற்குப் பிறகு சாலை அகலமாகியிருக்கும், நடைபாதை உயர்ந்திருக்கும், அளவெடுத்த மதில்சுவரே இல்லாமல் போயிருக்கும். அதனால் இரண்டாவது படியாக, எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற கேபிள் கண்டறிபவர் கருவியோடு வந்து நிலத்தில் குறியிடுகிறார். அந்தக் கருவி உலோகத்திலிருந்து வரும் மின்காந்த அலையைத்தான் பிடிக்கிறது. பிளாஸ்டிக் கேஸ் குழாயோ கண்ணாடி இழைக் கேபிளோ கருவிக்குத் தெரியாமல் போகலாம். நெருக்கமாக ஓடும் இரண்டு கேபிள்கள் ஒன்றாகவும் தெரியலாம்.

எனவே மூன்றாவது படிதான் உண்மையான சாட்சி: ட்ரையல் ஹோல். கேபிள் ஓடுவதாகச் சொல்லும் திசைக்குக் குறுக்காக, கையால், மண்வெட்டியால் தோண்டி, கேபிளைக் கண்ணால் பார்ப்பது. இதை எக்ஸ்கவேட்டரால் செய்யக் கூடாது. நேரமில்லை, மேலே உள்ள அரை மீட்டரை மட்டும் மெஷினில் எடுத்துவிடலாம் என்ற யோசனை எல்லாத் தளத்திலும் வரும். கேபிள் எந்த ஆழத்தில் இருக்கிறது என்று தெரியாததால்தான் அந்தக் குழியே தோண்டப்படுகிறது.

தரையில் ஸ்ப்ரே பெயின்ட்டில் போட்ட குறி, மேல் அடுக்கைச் சுரண்டியதும் மண்ணோடு லாரியில் போய்விடும். அதனால் தோண்டும் எல்லைக்கு வெளியே இரண்டு பக்கமும் முளை அடித்து, கயிறு கட்டி, ஆழத்தையும் எழுதி வைக்க வேண்டும். இரண்டாவது நாள் வருகிற ஓட்டுநருக்கு அந்த முளைதான் ஆதாரம்.

கேபிளை நெருங்கும் வேலையில் பல் வைத்த பக்கெட்டைக் கழற்றிவிட்டு நேர் விளிம்புள்ள பக்கெட்டை மாட்டுவார்கள். ஒரு முறைக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் எடுக்காமல் தோல் உரிப்பது போல உரித்து, பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் சைகை தந்த பிறகே அடுத்த வெட்டு. சிவந்த மண்ணோ சாம்பல் களிமண்ணோ திடீரென முடிந்து சுத்தமான மணல் தெரிந்தால் நிறுத்துங்கள். கேபிளுக்கு மெத்தையாகப் போடுவது அந்த மணல்தான். எச்சரிக்கை நாடாவின் ஒரு துண்டு, எழுத்துப் பதித்த கான்கிரீட் பலகையின் ஒரு மூலை தெரிந்தாலும் அப்படியே. இயந்திரம் அங்கிருந்து ஒதுங்கிவிடும், மிச்சத்தைக் கையால்தான் தோண்டுவார்கள்.

கேபிளை அடித்துவிட்டால் ஓட்டுநர் இறங்கக் கூடாது. பக்கெட்டை விலக்க முடிந்தால் விலக்கிவிட்டு, கேபினிலேயே இருந்து, யாரையும் நெருங்க விடாமல் கத்திச் சொல்ல வேண்டும். மின்சாரம் போய்விட்டது போலத் தெரிந்தாலும் மறுபடி வரலாம். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டிய நிலை வந்தால், இயந்திரத்தையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், கால்களைச் சேர்த்து வெளியே குதித்து, கால்களைப் பிரிக்காமல் சின்னச் சின்னதாக நகர்ந்து போக வேண்டும். கேஸ் குழாய் என்றால் நேர் எதிர்: உடனே என்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, காற்று வரும் திசையை நோக்கி விலகி, தூரம் போன பிறகே 995ஐ அழைப்பது. ஓட்டையை மண்ணால் மூடப் பார்க்கவே வேண்டாம்.

கேபிளும் இல்லை, குழாயும் இல்லை, துருப்பிடித்த உருளையான ஏதோ ஒன்று தட்டுப்பட்டால்? இங்கே அதற்கும் இடமுண்டு. 2023 செப்டம்பரில் அப்பர் புக்கிட் தீமா சாலைக் கட்டுமானத் தளம் ஒன்றில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து 100 கிலோ வெடிகுண்டு கிடைத்தது. சுற்றுவட்டாரத்தில் 4,000க்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றிவிட்டு, 26ஆம் தேதி அதை அங்கேயே வெடிக்கச் செய்தார்கள். அப்படி எதுவும் கண்ணில் பட்டால் பக்கெட்டால் புரட்டிப் பார்க்காமல் விலகி 999இல் போலீஸை அழையுங்கள்.

பக்கெட் கழன்று விழுவதும், கிரேனாக மாறுவதும்

பக்கெட்டை விரைவாக மாற்ற ஆர்மின் நுனியில் குவிக் ஹிட்ச் என்ற கவ்வி இருக்கும். பக்கெட்டின் முன்பக்கக் குறுக்குத் தண்டைக் (பின்) கொக்கியில் மாட்டி, பக்கெட்டைச் சுருட்டி, பின்பக்கப் பூட்டை மூடினால் மாட்டல் முடிந்தது. சில வகைகளில் அதற்குப் பிறகு ஒரு சேஃப்டி பின்னைக் கையால் செருக வேண்டும். அதைத்தான் செருகாமல் விடுவார்கள், இறங்கி ஏறச் சோம்பல். அந்த சேஃப்டி பின் இல்லாமலும் பக்கெட் பல மணி நேரம் நன்றாகவே வேலை செய்யும். பூட்டுக்குள் மண் அடைத்திருந்தாலோ, வேறு கம்பெனி பக்கெட்டின் பின் தடிமன் பொருந்தாவிட்டாலோ ஒரு குலுக்கலில் கழன்றுவிடும். 20 டன் வகை பக்கெட் வெறுமையாகவே 600 கிலோவைத் தாண்டும். மாற்றிய ஒவ்வொரு முறையும் இறங்கிப் பூட்டையும் பின்னையும் கண்ணால் பாருங்கள். பிறகு ஏறி, ஆள் யாரும் இல்லாத இடத்தில் பக்கெட்டைத் தரைக்குச் சற்று மேலே வைத்துச் சுருட்டி விரித்து, தரையில் அழுத்திப் பாருங்கள். அந்தச் சோதனை முடியும்வரை பள்ளத்தில் ஆள் இருக்கக் கூடாது.

தூக்கும் வேலை வேறு கதை. எக்ஸ்கவேட்டரால் சாமான் தூக்குவது தளத்தில் சர்வசாதாரணம், ஆனால் அப்போது அது தூக்கும் இயந்திரமாகிவிடுகிறது. அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் 12 மாதத்துக்கு ஒரு முறை சோதித்துத் தரும் எல்எம் (தூக்கும் இயந்திர) சான்றிதழ் வேண்டும், உற்பத்தியாளர் அமைத்த கொக்கி வேண்டும், தூக்கும் திட்டம் வேண்டும், சிக்னல்மேனும் சாமானைக் கட்டுபவரும் வேண்டும். பக்கெட் பல்லில் ஸ்லிங்கைப் போட்டுத் தூக்குவது இவற்றில் எதற்குள்ளும் வராது.

சாலைப் பள்ளத்தை மூடும் ஸ்டீல் பிளேட்டை எடுத்துக்கொள்வோம். 6 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 25 மிமீ தடிமன். கன அளவு 0.225 கன மீட்டர், எஃகு ஒரு கன மீட்டர் 7,850 கிலோ, ஆக சுமார் 1,770 கிலோ. அடியில் ஒட்டிய சேறு தனி. இதைப் பக்கத்தில் வைத்துத் தூக்கினால் இயந்திரம் அலட்டிக்கொள்ளாது. அதையே 8 மீட்டர் தள்ளி, அதுவும் பக்கவாட்டில் திரும்பி வைக்கப் போனால் வரம்பை நெருங்கிவிடும். கேபினில் ஒட்டியிருக்கும் தூக்கும் சார்ட்டில் தூரமும் உயரமும் கட்டம் கட்டமாக இருக்கும். அதில் உள்ள எண், இயந்திரம் கவிழும் எடையில் 75 விழுக்காடு, ஹைட்ராலிக் திறனில் 87 விழுக்காடு, இவற்றில் எது குறைவோ அது. டிராக்கின் நீளவாட்டில் தூக்கும் எண்ணைவிடப் பக்கவாட்டு எண் சிறியது. சார்ட் பக்கெட் இல்லாமல் போடப்பட்டிருந்தால் பக்கெட் எடையைக் கழிக்க வேண்டும். அந்த எண்கள் எல்லாம் கெட்டியான சமதளத்துக்கு என்பதையும் மறக்கக் கூடாது. மேலே சொன்ன கடல் களிமண்ணில் அவை பொருந்தாது.

இயந்திரம் சாய ஆரம்பித்தால் வெளியே குதிக்கத் தோன்றும். குதிப்பவர் விழும் இடத்தில்தான் கேபினும் விழும். பெல்ட்டோடு சீட்டில் இருப்பவரைக் காக்கத்தான் கேபின் சட்டகம் இருக்கிறது, பெல்ட் போடாவிட்டால் அது உதவாது. சரிவில் ஏறும்போது பக்கெட் மேட்டுப் பக்கம், தரையிலிருந்து 20–30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், வழுக்கினால் உடனே ஊன்றிக்கொள்ளலாம். சரிவில் குறுக்காக ஓட்டவோ, சுமையோடு பள்ளத்துப் பக்கம் சுழலவோ கூடாது.

காலையும் மாலையும்

காலையில் ஒரு சுற்று நடை. என்ஜின் ஆயில், கூலன்ட், ஹைட்ராலிக் ஆயில் அளவு, டிராக் தொய்வு, பின்கள், பக்கெட் பற்கள், கண்ணாடி, கேமரா, ஹார்ன், நகரும்போது ஒலிக்கும் அலாரம், தீயணைப்பான். கீழே தரையில் புதிதாக எண்ணெய்த் துளி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஹோஸில் கசிவு தேட விரலை ஓட்டவே கூடாது. உள்ளே 350 பார் அளவு அழுத்தம், ஊசித்துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், வலியும் முதலில் இருக்காது. சில மணி நேரத்தில் சதை அழுகத் தொடங்கி விரலையே எடுக்க நேரிடும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். யாருக்காவது அப்படிக் குத்தியிருந்தால் பிளாஸ்டர் ஒட்டி அனுப்பாமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், எண்ணெய் உள்ளே போயிருக்கிறது என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மாலையில் பள்ள விளிம்பிலிருந்து தள்ளி, சமதளத்தில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் ஊன்ற வேண்டும். தூக்கி வைத்த பூம் இரவில் மெல்ல இறங்கும். என்ஜினை 5 நிமிடம் வெறுமனே ஓடவிட்டு அணைத்து, லிவர்களை எல்லாப் பக்கமும் அசைத்து மிச்ச அழுத்தத்தை வெளியேற்றி, பாதுகாப்பு லிவரைப் பூட்டி, கை கால் நான்கில் மூன்றின் பிடிமானம் விடாமல் முகத்தை இயந்திரம் பக்கம் வைத்து இறங்க வேண்டும். சாவியைக் கேபினிலேயே விட்டுப் போகாதீர்கள். காலையில் லாரிக்கு வழிவிட யாரோ ஒருவர் "ரெண்டு அடிதானே" என்று அதை நகர்த்தப் பார்ப்பார். இயந்திரத்தை வேறு தளத்துக்கு லோபெட்டில் (தாழ்தள டிரெய்லரில்) அனுப்புவதாக இருந்தால் பூமை முழுதாகத் தாழ்த்தி, தரையிலிருந்து உச்சிப் புள்ளி வரை டேப்பால் அளந்து பாருங்கள். 4.5 மீட்டரைத் தாண்டினால் போலீஸ் எஸ்கார்ட் இல்லாமல் சாலையில் ஏற்றக் கூடாது.